அண்ணன் வீட்டுச் சீர்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும் பஸ் உண்டு, சமயபுரத்துக்கும் பஸ் உண்டு. ஒன்று பெருமாளிடம் போகிறது, மற்றது மாரியம்மனிடம். பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்று பாடப்புத்தகம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். மடியில் பூக்கூடையோடு காத்திருக்கும் பாட்டியைக் கேட்டால், "ரங்கநாதர் அண்ணன், ஆத்தா தங்கச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தைப்பூசத்தன்று ஆத்தா கொள்ளிடக் கரைக்கு வருவதும், ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டும் மாலையும் அண்ணன் வீட்டுச் சீராகப் போவதும் இன்றும் நடக்கிறது.

இப்படிப்பட்ட பாட்டிகளின் பேச்சை ஆய்வுக்குரிய சான்றாக மதித்தவர் பேராசிரியர் தொ. பரமசிவன். 1950இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். இளையான்குடியிலும் மதுரை தியாகராசர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது அழகர்கோயில். அங்கேயும் அண்ணன் தங்கை கதைதான். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த அழகர், தாலி கட்டியாயிற்று என்று கேள்விப்பட்டு, மதுரைக்குள் வராமலே வைகையோடு திரும்புகிறார். அந்தக் கதையை யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் கோயிலில் என்ன உரிமை என்று தேடிப் போனார் தொ.ப. கள்ளர், இடையர், வலையர், பள்ளர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அழகருக்கும் உள்ள உறவைத் தனித்தனியாக ஆராய்ந்தார். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது.

அவரைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுசென்றது 'அறியப்படாத தமிழகம்'. உப்பு, எண்ணெய், பல்லாங்குழி என்று நம் வீட்டுப் பொருள்கள்மீது சின்னச் சின்னக் கட்டுரைகள். படித்தால் வகுப்பறைக் குரல் காதில் விழும். கடைசி பெஞ்சுக்காரனுக்கும் புரிய வேண்டும் என்ற அக்கறை ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கும். ஆய்வாளர், எழுத்தாளர், ஆசிரியர் என்ற மூன்று பெயருக்கும் அவரிடம் முதல் ஒன்றுதான்: காது. 2020 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார்.

மக்கள் பேச்சைக் கேட்டு ஆராயும் இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் சத்திரத்தில் சமயபுரம் பஸ் ஏறுங்கள். காவிரி தாண்டி, கொள்ளிடப் பாலம் வரும்போது, பக்கத்து இருக்கைப் பாட்டியிடம், "அண்ணன் என்னவெல்லாம் சீர் கொடுப்பார் பாட்டி?" என்று கேளுங்கள். பாலம் முடியும், பேச்சு முடியாது.