முதல் தொகுதியும் வாசகர் தீர்ப்பும்



முற்றுப்பெற்ற ஒரு நூலைப் பற்றிக் கருத்துரைப்பது ஒன்று; தொடர் ஒன்றின் முதல் நூலை மட்டும் படித்துவிட்டுக் கருத்துரைப்பது முற்றிலும் வேறொன்று. முன்னவர் கட்டி முடித்த வீட்டைச் சுற்றிப் பார்த்தவர். பின்னவர் கடைகால் போட்டுச் சுவர் எழும்பி நிற்கும் நிலையில் வீட்டைக் கண்டவர். கூரை எப்படி அமையும் என்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் அவரிடமிருந்தும் ஒரு தீர்ப்பு எதிர்பார்க்கப்படுகிறது, அவரும் வழங்கிவிடுகிறார். அத்தகைய தீர்ப்பின் மதிப்பு யாது, அது படைப்பாளிக்கு என்ன செய்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். இதற்குச் சான்றாக அமைவது ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் மாயப் புனைகதையின் முதல் தொகுதியான 'தி ஃபெலோஷிப் ஆஃப் த ரிங்'. 'மோதிரத் தோழமை' என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

இரு முதன்மைத் திறனாய்வாளர்கள்

டோல்கீன் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அவர் எழுதிய 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் கதை 1937 செப்டம்பரில் வெளிவந்தது. அதனை அச்சேற்றலாமா என்று முடிவு செய்வதற்காகப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் நாடியது எந்தப் புலவரையும் அன்று. பத்து வயதே நிரம்பிய தம் மகன் ரேய்னரிடம் தட்டச்சுப் படியைக் கொடுத்து எழுத்து வடிவில் கருத்துக் கேட்டார். அதற்குச் சிறுவன் பெற்ற ஊதியம் ஒரு ஷில்லிங். சிறுவனின் பரிந்துரையால் நூல் வெளிவந்தது, நன்கு விற்றது. பதிப்பாளர் அதன் தொடர்ச்சியைக் கேட்டார். 1937 டிசம்பரில் டோல்கீன் எழுதத் தொடங்கினார்.

புதிய கதையின் தொடக்க இயல்கள் 1938இல் இருவரிடம் சென்றன. ஒருவர் ஆக்ஸ்போர்டு ஆசிரியரும் டோல்கீனின் நண்பருமான சி.எஸ். லூயிஸ். மற்றொருவர் அதே ரேய்னர். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. இருவரும் ஒருவரையொருவர் கலந்து பேசாமலேயே ஒரே குறையைச் சுட்டினர்: ஹாபிட்டுகள் என்னும் சிற்றுருவ மாந்தர் தமக்குள் பேசிக்கொள்ளும் வேடிக்கைப் பேச்சு அளவுக்கு மீறி நீள்கிறது என்பதே அது. டோல்கீனுக்கோ அந்தப் பேச்சுத்தான் கதைநிகழ்ச்சிகளைக் காட்டிலும் இனித்தது. இருந்தும் தம் முதன்மையான இரு திறனாய்வாளர்களுக்கும் தலைவணங்குவதாகப் பதிப்பாளருக்கு எழுதினார். பல்கலைக்கழக ஆசிரியரையும் பள்ளிச் சிறுவனையும் அவர் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தமை ஈண்டுக் கருதற்குரியது. கருத்தின் எடை, சொன்னவரின் பட்டத்தில் இல்லை. நல்லெண்ணத்தோடு முழுக் கவனத்தையும் செலுத்திப் படித்தாரா என்பதில் இருக்கிறது.

வட்டத்தின் செவி

இந்நூல் அச்சேறும் முன்பே ஓர் இலக்கிய வட்டத்தில் வாய்விட்டுப் படிக்கப்பட்டது. 'இங்க்லிங்ஸ்' என்பது அவ்வட்டத்தின் பெயர். வியாழக்கிழமை இரவுகளில் மாடலின் கல்லூரியில் லூயிஸின் அறையில் அதன் உறுப்பினர் கூடினர். அவ்வட்டத்திற்கு விதிமுறைகள் இல்லை, பொறுப்பாளர்கள் இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. எவரேனும் தாம் எழுதியதைப் படிப்பார், ஏனையோர் கேட்பர், பின்னர் ஒளிவுமறைவின்றிக் கருத்துரைப்பர்.

அந்தக் கேட்டலின் அருமையை டோல்கீன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். லூயிஸுக்குத் தாம் பட்ட கடன் எழுத்தின் மேல் விழுந்த செல்வாக்கு அன்று, ஊக்கம் ஒன்றே என்றார். நெடுங்காலம் தமக்கு வாய்த்த ஒரே அவை அவர்தாம் என்றும், அவர் இன்றேல் அந்நூலை முடித்திருக்கவே முடியாது என்றும் எழுதினார். அந்த லூயிஸ் வெறும் புகழ்ச்சியாளரும் அல்லர். 1949இல் முழுப் படியையும் படித்துப் பாராட்டி எழுதிய மடலிலேயே, வேறு வகையில் எழுதியிருக்கலாம், அல்லது நீக்கியே விட்டிருக்கலாம் என்று தமக்குத் தோன்றும் பகுதிகள் பல உண்டு என்று குறிப்பிட்டார். அவற்றை அம்மடலில் அவர் விரித்துரைக்கவில்லை. முன்பே சொல்லியாயிற்று, டோல்கீனும் அவற்றை மறுத்தாயிற்று. சொல்வதைச் சொல்லிவிட்டு, ஏற்காதபோதும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே நட்பின் திறனாய்வு.

அதே வட்டத்தில் வேறொரு செவியும் இருந்தது. ஹியூகோ டைசன் என்னும் உறுப்பினருக்கு இக்கதை அறவே பிடிக்கவில்லை. நாளடைவில் அவர் அதன்மீது தடையுரிமையே பெற்றுவிட்டார். 1947 ஏப்ரலில் ஒருநாள் படிப்புத் தொடங்கும் வேளையில் டைசன் உள்ளே நுழைந்தமையால் அதனை நிறுத்த நேர்ந்தது என்று லூயிஸின் தமையன் வாரன் தம் நாட்குறிப்பில் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். அது நேர்மையற்ற செயல் என்பது அவர் கருத்து.

இவ்விரு செவிகளுக்கும் இடையிலான வேறுபாடு சுவையைப் பற்றியது மட்டும் அன்று. டைசனுக்குப் பிடிக்காமற்போனதில் பிழை ஏதும் இல்லை. பிடிக்காமற்போவது எவருக்கும் உள்ள உரிமை. தமக்குப் பிடிக்காததைப் பிறரும் கேட்கலாகாது என்ற இடத்தில்தான் உரிமை எல்லை கடந்தது. கருத்துக்கும் தடைக்கும் இடையில் இருப்பது மெல்லிய கோடு. பத்து ஆண்டுகள் கூடிய எந்த வட்டமும் அந்தக் கோட்டை ஒரு முறையேனும் தொட்டுப் பார்த்திருக்கும்.

மூன்றாகப் பிரிந்த ஒரே கதை

மோதிரத் தோழமை ஒரு தொடரின் முதல் நூலாகத் திட்டமிட்டு எழுதப்பட்டது அன்று. டோல்கீன் எழுதியது நீண்ட ஒரே கதை. போருக்குப் பிந்தைய தாள் விலையும் அச்சுச் செலவும் அதனை மூன்றாகப் பிரித்தன. 1952இல் ரேய்னர் அன்வின் தந்தையின் நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞர். நூலை வெளியிட்டால் ஆயிரம் பவுன் வரை இழப்பு வரலாம் என்று கணக்கிட்டு, வெளிநாட்டில் இருந்த தந்தைக்கு எழுதினார். அது மேதைமை வாய்ந்த படைப்பு என்று நம்பினால் ஆயிரம் பவுனை இழக்கலாம் என்று தந்தையிடமிருந்து இசைவு வந்தது. ஒரு ஷில்லிங் பெற்ற சிறுவன், வாசகன் என்ற முறையில் தான் சொன்ன கருத்துக்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஆயிரம் பவுனைப் பணயம் வைக்க முன்வந்தான் எனலாம்.

1954 ஜூலை 29ஆம் நாள் முதல் தொகுதி மூவாயிரத்தை ஒட்டிய படிகளோடு வெளிவந்தது. இரண்டாம் தொகுதி அவ்வாண்டு நவம்பரிலும் மூன்றாம் தொகுதி 1955 அக்டோபரிலும் வந்தன. முதல் தொகுதியின் கதையை மிகச் சுருக்கமாகக் கூறலாம். ஃப்ரோடோ என்னும் ஹாபிட்டிடம் உலகையே அடிமைப்படுத்த வல்ல மோதிரம் வந்து சேர்கிறது. அது தோன்றிய எரிமலையிலேயே அதனை அழிக்க வேண்டும். அவனையும் சேர்த்து ஒன்பதின்மர் புறப்படுகின்றனர். வழியில் வழிகாட்டி காந்தால்ஃப் பாதாளத்தில் வீழ்கிறார். தொகுதியின் இறுதியில் தோழமை சிதறுகிறது. ஃப்ரோடோவும் பணியாளன் சாமும் மட்டும் கீழ்த்திசை நோக்கிச் செல்கின்றனர். வாசகர் இந்த இடத்தில் நிறுத்தப்பட்டனர். மோதிரம் அழிந்ததா என்பதை அறிய அவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர்.

மதிப்புரையாளர் மூவர்

முதல் தொகுதி வெளிவந்த பதினாறாம் நாள் 'டைம் அண்ட் டைட்' இதழில் லூயிஸின் மதிப்புரை வந்தது. தெளிந்த வானத்தில் மின்னல் வெட்டியதற்கு அதனை ஒப்பிட்டார். நண்பரின் மதிப்புரை அவ்வாறுதான் இருக்கும் என்று எளிதாக ஒதுக்கிவிடலாம், ஒதுக்கியோரும் உண்டு. நூலின் மேலுறையிலேயே லூயிஸ், நவோமி மிச்சிசன், ரிச்சர்டு ஹியூஸ் ஆகிய மூவரும் அரியோஸ்டோ, மாலரி, ஸ்பென்சர் முதலிய பெருங்கவிகளோடும் காவிய ஆசிரியரோடும் டோல்கீனை ஒப்பிட்டிருந்தனர். புகழ் சில வேளைகளில் நூலுக்குச் சுமையாகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இச்சுமையை முதலில் சுட்டியவர் எட்வின் மியூர். அவர் ஆர்க்னி தீவுகளில் பிறந்த கவிஞர். மனைவி வில்லாவுடன் இணைந்து காஃப்காவை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1954 ஆகஸ்டு 22ஆம் நாள் 'அப்சர்வர்' இதழில் எழுதிய மதிப்புரையில், இத்தனைப் புகழ்ச்சியின் தாக்குதலைத் தாங்கி நிற்பது பெருங்காவியத்திற்கே இயலும் என்றார். டோல்கீனின் கற்பனை வளத்தைப் பாராட்டினார். ஆயின் எடுத்துக்கொண்ட பொருள் வேண்டும் மனித ஆழம் நூலில் இல்லை என்றும், நல்லோர் எப்போதும் நல்லோராகவும் தீயோர் எப்போதும் தீயோராகவும் இருக்கின்றனர் என்றும் குறை கூறினார்.

இக்கருத்து பொறுமையாக எண்ணிப் பார்க்கத்தக்கது. முதல் தொகுதியிலேயே இதற்கு மறுப்பு உண்டு. ஒன்பதின்மருள் ஒருவனான பொரோமிர் வீரன், நாட்டுப்பற்றாளன். தன் நகரைக் காக்கும் ஆசையே அவனை மோதிரத்தைப் பறிக்கத் தூண்டுகிறது. தோழமை சிதறுவது அவனால்தான். ஒளிமிக்க கலாட்ரியலும் மோதிரத்தின் முன் ஒரு கணம் தடுமாறியே மீள்கிறாள். இவை மியூரின் கண்ணுக்குப் போதிய அளவு தென்படவில்லை. ஆயினும் மறுப்பின் உச்சம் மூன்றாம் தொகுதியில்தான் வருகிறது. எரிமலையின் விளிம்பில் நின்று, மோதிரத்தை எறிய வேண்டிய நொடியில், ஃப்ரோடோவே அதனைத் தனதென்று உரிமை கொண்டாடுகிறான். கதையின் நல்லவன் தோற்கிறான். 1954 ஆகஸ்டில் எந்த வாசகரும் இதனை அறிந்திருக்க வழியில்லை. முதல் தொகுதியை வைத்து முழுக்கதையின் அறத்தை அளந்தமையே மியூருக்கு நேர்ந்த இடர்.

இங்கு நடுநிலை பிறழாமல் மற்றொன்றும் கூற வேண்டும். மூன்று தொகுதிகளையும் படித்த பின்னும் மியூர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1955 நவம்பரில் எழுதிய மதிப்புரையில், கதைமாந்தர் எல்லாரும் வீரர் வேடம் பூண்ட சிறுவர்களே என்றார். ஆகவே முழுவதும் படித்தால் எல்லாரும் ஒத்த கருத்துக்கு வந்துவிடுவர் என்பது இல்லை. முழுவதும் படித்துவிட்டுச் சொல்லும் மறுப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதே உண்மை. மியூரின் இரண்டாம் மதிப்புரையோடு மாறுபடலாம். அதனை அவசரத் தீர்ப்பு என்று தள்ள முடியாது.

அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1956 ஏப்ரலில் 'தி நேஷன்' இதழில் இன்னும் கடுமையாகச் சாடினார். முழுநூலையும் தம் சிறு மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய பின்னரே, இது சிறுவர் நிலைக் குப்பை என்று அவர் முடிவு கட்டினார்.

உரைகல் ஆகுமா?

எதிர்முனையில் நின்றவர் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன். மாணவராக இருந்தபோது டோல்கீன் 'பேவுல்ஃப்' என்னும் பழங்காவியத்தை ஓதக் கேட்டு மெய்ம்மறந்தவர் அவர். முதல் தொகுதியை 1954 அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் மனமுவந்து பாராட்டினார். இந்நூலைப் பற்றி நடுத்தரமான கருத்து உடையோர் எவரும் இல்லை. போற்றுவோர் அல்லது வெறுப்போரே உளர் என்று 1956இல் எழுதியவரும் அவரே. அதோடு அவர் நிற்கவில்லை. 1955இல் வானொலி உரையில், இந்நூலை விரும்பாதவரின் இலக்கியத் தீர்ப்பை இனி எதிலும் நம்பமாட்டேன் என்னும் பொருள்படப் பேசிவிட்டார்.

புகழப்பட்ட டோல்கீன் இதனால் மகிழவில்லை, வருந்தினார். எந்த நூலையும் இலக்கியச் சுவைக்கு உரைகல்லாக்க இயலாது. ஆக்க முயன்றால் பிறருக்குச் சினமே மிஞ்சும் என்று ரேய்னருக்கு எழுதினார். தம் நூலைக் கொண்டு பிறர் அளக்கப்படுவதை விரும்பாத படைப்பாளியின் பண்பு இதில் விளங்குகிறது. டைசனின் தடையும் ஆடனின் உரைகல்லும் எதிரெதிர் முனைகள் போலத் தோன்றினும் உண்மையில் ஒரே இனம். ஒன்று கேட்க விரும்புவோரின் வாயிலை அடைக்கிறது. மற்றொன்று விரும்பாதோரின் வாயை அடைக்கிறது.

டோல்கீனின் இறுதி மறுமொழி 1965இல் திருத்திய பதிப்பின் முன்னுரையில் அமைந்தது. நூலைச் சலிப்பூட்டுவது என்றும் இழிவானது என்றும் கருதியோர் உண்டு. அவர்கள் விரும்பும் நூல்களைப் பற்றித் தமக்கும் அத்தகைய கருத்தே உண்டாதலின் குறைப்பட ஏதும் இல்லை என்று நகைத்தார். சிலர் குறை கண்ட பகுதிகளையே வேறு சிலர் சிறப்பாகப் பாராட்டியதையும் எடுத்துக்காட்டினார். பிறர் சொன்ன குறைகளுள் அவர் ஏற்றது ஒன்றே: நூல் மிகச் சிறியது என்பது. கதையை உருவகமாகக் கொள்வதை மறுத்து, வாசகர் தம் பட்டறிவோடு பொருத்திப் பார்க்கும் உரிமையை மட்டும் வலியுறுத்தினார். உருவகம் ஆசிரியரின் ஆட்சி. பொருத்திப் பார்த்தல் வாசகரின் விடுதலை என்பது அவர் கோட்பாடு.

நிறைவாக

1997இல் பிரிட்டனில் புத்தகக்கடை ஒன்றும் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நடத்திய வாக்கெடுப்பில், நூற்றாண்டின் சிறந்த நூலாக இக்கதையை வாசகர்கள் தேர்ந்தனர். திறனாய்வாளர் பலர் முகம் சுளித்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வழக்கு மீண்டும் நிகழ்ந்தது. வாக்கு எண்ணிக்கை அவ்வழக்கைத் தீர்த்துவிடவில்லை, தீர்க்கவும் இயலாது.

எனினும் இவ்வரலாற்றால் ஒன்று தெளிவாகிறது. முதல் தொகுதியைப் பற்றிய கருத்து தீர்ப்பாக வரும்போது பெரும்பாலும் தவறிப்போகிறது. துணையாக வரும்போது படைப்பை ஈன்றெடுக்க உதவுகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் குறை சொன்னான், கதை சீர்பெற்றது. நண்பர் மறுத்தும் கேட்டார், கதை முடிவுபெற்றது. அந்நூலின் பெயரிலேயே தோழமை என்னும் சொல் அமைந்தது பொருத்தமே.

இந்த அவையில் இன்றும் எவருடைய பைக்குள்ளேனும் முடியாத காவியத்தின் முதல் இயல் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அது நன்றாக இல்லாமலும் இருக்கலாம். நன்றாக இல்லை என்று சொல்லும் உரிமை வட்டத்திற்கு உண்டு. சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்திற்கு இரண்டாம் இயலையும் கொண்டுவரச் சொல்லும் கடமையும் உண்டு.