டியூபை எங்க ஒளிச்சு வைக்கிறது?

ஆணுறை போடுறதா வேண்டாமாங்கிறத நம்ம ஊர்ல பெரும்பாலும் ஆம்பளைதான் முடிவு பண்றாரு. அவரோட சம்மதத்துக்குக் காத்திருக்காம பொண்ணே தன்னைப் பாதுகாத்துக்க ஒரு வழி வேணும் இல்லையா? அப்படி யோசிச்சதுதான் பெண்ணுறுப்புக்குள்ள வைக்கிற ஜெல்.

செல்லுலோஸ் சல்ஃபேட்னு ஒரு ஜெல். எச்.ஐ.வி.யைத் தடுக்குமான்னு ஆப்பிரிக்க நாடுகளோட சேர்த்து நம்ம சென்னையிலயும் சோதிச்சாங்க. கர்ப்பத்தைத் தடுக்குமான்னும் தனியா பார்த்தாங்க. ஆனா தொற்று அபாயத்தைக் கூட்டலாம்னு சந்தேகம் வந்ததால எச்.ஐ.வி. சோதனையை 2007 ஜனவரியில நிறுத்திட்டாங்க.

அப்புறம் வந்தது 'வாய்ஸ்' ஆய்வு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேல 5,000க்கும் மேல பெண்கள். இதுல மாத்திரையும் உண்டு, வேற மருந்து கலந்த ஜெல்லும் உண்டு. ஒழுங்கா பயன்படுத்துறோம்னுதான் பெரும்பாலானவங்க சொன்னாங்க. ரத்தத்தைப் பார்த்தா, மூணுல ஒரு பங்கு பேருகிட்டகூட மருந்து இல்ல!

பொய் சொல்லிட்டாங்கன்னு முடிச்சிடலாமா? மதுரையில ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டை நினைச்சுப் பாருங்க. ஒரே ரூம், ஒரே பீரோ, சாவி மாமியார்கிட்ட. டியூபை எங்க வைக்கிறது? ஜெல் கொஞ்சம் வழிஞ்சா, 'வெள்ளைப்படுதோ, உடம்பு சூடோ'ன்னு அவங்களே பயந்துடுவாங்க. புருஷன் கண்ணுல பட்டா, 'உனக்கு எதுக்கு இது?'ன்னு சந்தேகம்.

டாபிவிரின் வளையத்தை ஒரு மாசம் உள்ளேயே வச்சிருக்கலாம், ஒளிச்சு வைக்கிற கவலை குறைவு. தொற்று அபாயம் அதிகமா இருக்கிற பெண்களுக்கு, கூடுதல் பாதுகாப்பா, 2021ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது. ஆனா அது கர்ப்பத்தைத் தடுக்காது.

அதனால, 'பிடிச்சிருக்கா?'ன்னு மட்டும் கேட்டா பத்தாது. 'வீட்டுல எங்க வைப்பீங்க?'ன்னும் கேக்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.