தொட்டுப் பார்க்கட்டும்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியதும் பொறியியல் ஆய்வகம் செல்பேசித் திரைக்குள் போனது. ஐஐடிகளும் பிற நிறுவனங்களும் உருவாக்கிய 'விர்ச்சுவல் லேப்ஸ்' நல்ல முயற்சிதான். ஆனால் திரையில் ஒயரை மாற்றிச் சொருகினால் எதுவும் கருகாது.

நேரடி ஆய்வகம் மட்டும் சமமாகவா இருந்தது? ஒரு மேசைக்கு நாலு பேர். வீட்டிலேயே கணினி பார்த்து வளர்ந்தவன் கருவியைத் தொடுவான். முதல் தலைமுறை மாணவி ரீடிங் எழுதுவாள். தொடாமலே அவள் ரெக்கார்டு நோட்டு நிறைந்துவிடும். கைவேலையைக் கீழாக வைத்த சாதிப் புத்திக்கு இதில் ஒரு உறுத்தலும் இல்லை.

லேத்தை வீட்டுக்கு அனுப்ப முடியாது, சரி. பிரெட்போர்டு, மின்தடைகள், எல்இடி, மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி அனுப்பலாமே! எல்இடி போனால் சில ரூபாய்தான். அது ஏன் போனது என்று அவள் கண்டுபிடிப்பதற்கு மதிப்பெண் கொடுங்கள்.