வயிற்று வழி டயாலிசிஸும் ஒரு பற்று வரவுக் கணக்கும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் அல்ல. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் பற்று வரவு எழுதியவன். அந்தக் கணக்கை வீட்டில் போடத் தவறியதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் மனைவிக்கு இரண்டு வருடமாக வயிற்று வழி டயாலிசிஸ் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தினமும் நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர் திரவத்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றுகிறோம். ரத்தத்திலுள்ள கழிவு வயிற்றின் உட்சவ்வு வழியாகத் திரவத்தில் கலந்து வந்துவிடும். கூடவே புரதமும் வடிகிறது, ஒரு நாளைக்குச் சுமார் 5 முதல் 15 கிராம் வரை. ஒரு முட்டையில் இருப்பதே ஏறக்குறைய 6 கிராம்தான்.

டயாலிசிஸுக்கு முன்பு, புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்போது அது சரி. டயாலிசிஸ் தொடங்கியதும் கூட்டச் சொன்னார்கள். குழாய், பை, சுத்தம் என்ற பதற்றத்தில் அது என் காதில் ஏறவில்லை. புது சர்க்குலர் வந்த பிறகும் பழையதையே பிடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஆகிவிட்டேன். பார்க்க வந்தவர்களும், "கிட்னி நோயாளிக்குப் பருப்பு ஆகாது" என்று அன்போடு சொன்னீர்கள். ரசம் சாதமே சாப்பாடாயிற்று. திரவத்திலுள்ள குளுக்கோஸ் உடம்பில் சேர்வதால் பசியும் மந்தம். "வயிறு நிறைஞ்சே இருக்குங்க" என்பாள்.

ஆறு மாதத்தில் கையிலிருந்து வளையல் தானாகக் கழன்றது. ஆனால் எடை மிஷினில் குறையவே இல்லை. காலில் சேர்ந்த நீர் மெலிவை மறைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் 2.8, குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

டயட்டீஷியன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். ஐம்பது கிலோ உடம்புக்கு 50 முதல் 60 கிராம். இப்போது காலையில் முட்டை வெள்ளைக்கரு. அதில் பாஸ்பரஸ் குறைவு. மதியம் மீன் அல்லது கோழி. திரவத்தை வெளியேற்றி வயிறு லேசாக இருக்கும்போது சாப்பிடுகிறாள். எல்லாம் ஒரு நோட்டில் பதிவாகிறது. போன மாதம் ஆல்புமின் 3.3. இன்னும் டாலி ஆகவில்லை, ஆகும்.

இரண்டு எச்சரிக்கை. வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் உள்ளே தொற்று இருக்கலாம். அப்போது புரதம் இன்னும் அதிகமாக வடியும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடுத்தது, டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிகள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. உங்கள் கணக்கை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவளைப் பார்க்க வரும்போது ஆப்பிள் வேண்டாம், பத்தியம் சொல்லவும் வேண்டாம். நாலு முட்டை கொண்டு வாருங்கள், போதும்.