பாலூட்டும் தாய்க்கு வீடே துணை
(தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாய்ப்பாலின் சிறப்பை நாங்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 42 பேர்தாம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டுமே அருந்தியவர்கள் 64 பேர். அறிந்தும் ஏன் இந்தக் குறை?

தாய் சேய் நலப் பணியில் வீடு வீடாகச் செல்லும் நாங்கள் கண்டது இதுதான்: பாலூட்டுவதைத் தாய் தனியாக முடிவு செய்வதில்லை. அவளைச் சுற்றியிருப்போர் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள்.

முதலாவது, வீட்டுப் பெரியோர். குழந்தை பிறந்ததும் நல்ல குணமுள்ள ஒருவரைக் கொண்டு சேனை வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால், சர்க்கரைத் தண்ணீரைச் சுவைத்த சிசு மார்பை நாடுவது தாமதப்படுகிறது. நோய்க் கிருமிகளும் உட்புகலாம். மஞ்சள் நிறமாய் இருக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவோரும் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது அந்தப் பாலே அன்றோ!

இரண்டாவது, "பால் போதவில்லை" என்ற சொல். குழந்தை அழுதால் போதும், பார்க்க வந்தவர்கள் இதைச் சொல்லிவிடுவார்கள். சிசு எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு பால் சுரக்கும். புட்டிப்பால் கொடுத்தால் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். பொய்யாகச் சொன்ன சொல் இப்படித்தான் மெய்யாகிவிடுகிறது. குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுகிறது என்றே கொள்ளலாம்.

மூன்றாவது, டப்பாப்பால் வியாபாரம். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1939இல் சிங்கப்பூரில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசி, இந்த விளம்பரங்களால் சிசுக்கள் மடிவதைக் கண்டித்தார். 1981இல்தான் உலக சுகாதாரப் பேரவை இதற்கென ஒரு பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. நம் நாட்டில் 1992இல் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. சிசுக்களுக்கான பால்மாவை விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவசமாக வழங்குவதும் குற்றம்.

நான்காவது, பிழைப்பு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை, முதல் இரு குழந்தைகளுக்கு, 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் சித்தாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் சகோதரிக்கு விடுப்பு ஏது? பாலூட்ட நிழலான ஓர் இடமும் அரை மணி ஓய்வும் கிடைக்காதபோது, அவள் புட்டியை நாடினால் குற்றம் யாருடையது?

ஆகவே, தாயைக் குறை சொல்லும் பேச்சை விடுவோம். நோயினாலோ மருத்துவக் காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாயும் முழுமையான தாயே. மருத்துவர் சொற்படி வேறு பால் கொடுக்கும் அவளைப் புண்படுத்துவது பாவம்.

மாமியாரே, சேனைக்குப் பதிலாகச் சீம்பாலே முதல் உணவாகட்டும். அறுவைச் சிகிச்சையில் பெற்றவளால் தானாக எழுந்து உட்கார முடியாது. குழந்தையை எடுத்து அவள் மார்போடு அணைத்துக் கொடுங்கள். கணவன்மாரே, தண்ணீர்க் குடத்தையும் மூத்த பிள்ளையையும் நீங்கள் கவனித்துக்கொண்டால் அவள் அமைதியாய் அமர்ந்து பாலூட்டுவாள். வேலைக்கு ஆள் வைத்திருப்போரே, பாலூட்டும் தாய்க்கு நேரமும் மறைவிடமும் கொடுங்கள். பங்கு மக்களாகிய நாம் அனைவரும், கோவிலிலும் மண்டபத்திலும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு முகம் சுளிக்காமல் ஓர் இடம் ஒதுக்குவோம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. பிறகு இணை உணவுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால். இது தாய் ஒருத்தியின் கடமை மட்டுமன்று, வீட்டார் அனைவரின் பொறுப்பு. அதை ஏற்போமாக.