ஸ்டௌர்ஹெட் தோட்டத்தில் இலையுதிர் காலம்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆங்கிலேயரோ நான்கே பருவம் காண்பர். அவற்றுள் இலையுதிர் காலமே அவர்தம் பழந்தோட்டங்களுக்குத் தனி எழில் தருவது. அத்தகைய தோட்டங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஸ்டௌர்ஹெட். ஸ்டௌர் ஆறு பிறக்கும் இடம் ஆதலின் அப்பெயர் பெற்றது.

லண்டன் மாநகரில் வங்கி நடத்திய ஹோர் குடும்பத்தார் அங்கே ஒரு மாளிகை எழுப்பினர். அக்குடும்பத்தில் 1705-இல் பிறந்த ஹென்றி ஹோர் என்பவர், 1743-இல் மனைவியை இழந்தபின் தோட்டப் பணியில் தம் உள்ளத்தைச் செலுத்தினார். பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கி ஓர் ஏரி அமைத்தார். கட்டடக்கலைஞர் ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட்டின் துணைகொண்டு ரோமாபுரிக் கோயில்களைப் போன்ற மண்டபங்களை அதன் கரையில் நிறுவினார். ஏரியைச் சுற்றி நடப்பவர்க்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதிய காட்சி! வரைந்த ஓவியத்துள் நாமே புகுந்து உலவுவது போன்ற அமைப்பு அது. அவருக்குப்பின் வந்த பேரர் ரிச்சர்ட் கோல்ட் ஹோர் புதுப்புது மரவகைகளை நட்டு வளம் சேர்த்தார்.

அக்டோபர்த் திங்களில் அங்கே பீச் மரங்கள் பொன்னிறம் கொள்கின்றன; வட அமெரிக்காவிலிருந்து வந்த டியூலிப் மரம் மஞ்சளாகிறது; ஜப்பானிய மேப்பிள் செந்தழலென நிற்கிறது. அத்தனையும் ஏரிநீரில் தலைகீழாய்த் தோன்றுகின்றன.

இந்நிறங்கள் எங்கிருந்து வந்தன? பகற்பொழுது குறுகியதும் மரம் பச்சையத்தைப் புதிதாக ஆக்குவதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது. அதுவரை அதனடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. ஆயின் சிவப்பு மறைந்திருந்ததன்று. இலையில் எஞ்சிய சர்க்கரையிலிருந்து அப்பொழுதுதான் புதிதாக உண்டாவது. வெயில் காயும் பகலும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவும் அமைந்தால் அச்சிவப்பு மேலும் ஒளிரும். இதற்கிடையே மரம் இலையிலுள்ள நைட்ரஜன் முதலிய சத்துக்களை ஈர்த்துச் சேமித்துக்கொள்கிறது. காம்பின் அடியில் மெல்லிய உயிரணு அடுக்கொன்று தோன்றி இலையைப் பிரிக்கிறது. ஆகவே இலை உதிர்வது அழிவன்று; வரவிருக்கும் கடுங்குளிருக்கு மரம் செய்துகொள்ளும் ஆயத்தம்!

மாணவர்களே, அக்குடும்பத்திற்கும் ஓர் இலையுதிர் காலம் வந்தது. முதல் உலகப்போரில், 1917-ஆம் ஆண்டு, தோட்டத்திற்கு உரியவரான சர் ஹென்றி ஹோரின் ஒரே மகன் போர்க்காயத்தால் உயிர் நீத்தான். கட்டிக் காக்க வாரிசு இல்லை. பெற்றோர் என் செய்தனர்? மாளிகையையும் தோட்டத்தையும் 1946-இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறநிறுவனத்திற்கு அளித்தனர். 1895-இல் தோன்றிய அந்நிறுவனம், பழம்பெரும் இடங்களை மக்கள் அனைவருக்குமாகக் காப்பது. மறுவருடமே கணவரும் மனைவியும் ஒரே நாளில் மறைந்தனர். ஒரு குடும்பத்தின் தனியுடைமையாக இருந்தது, நாட்டு மக்களின் பொதுச்செல்வம் ஆயிற்று. இன்று யாவரும் சென்று காணலாம்.

மரம் நடுபவன் பலகாலும் அதன் முழு வளர்ச்சியைக் காண்பதில்லை. ஹென்றி ஹோர் 1785-இல் மறைந்தார். தம் மரங்கள் ஓங்கி நிற்கும் காட்சியை அவர் கற்பனையில் மட்டுமே கண்டிருப்பார். ஆயினும் நட்டார். ஒரு மகனை இழந்தோர் அதனை ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் உரியதாக்கினர். நட்டவர் செயலினும் கொடுத்தவர் செயல் தாழ்ந்ததன்று.

உதிர்ந்த இலையின் காம்பு நின்ற இடத்தை உற்றுநோக்குங்கள். அதன் மேற்புறத்தில் சிறு மொட்டொன்று இருக்கும். இலை விழுமுன்னரே மரம் அதனை உருவாக்கிவிடுகிறது. அடுத்த வசந்தத்தின் தளிர் அதனுள்ளே உறங்குகின்றது.