துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்டால்



பால்மரத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே, அருகில் இரண்டு மூன்று ஏக்கர் நிலம் வாங்கிச் செம்பனையோ பழமரமோ நட்டிருப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். பல மாதப் பாடுபட்டு வளர்த்த இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிண்டிப் போட்டுவிடும். ஆகவே, ‘செனாப்பாங் பாத்தா’ எனப்படும் வேட்டைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவர்கள் மனுச் செய்கின்றனர். சிலருக்கு மறுப்புக் கடிதம் வருகிறது. “வாலிபத்தில் கட்டிப்பால் திருடிச் சிறைக்குப் போனவன் நான், எனக்கு இனி யார் கொடுப்பார்?” என்று அவர்களுள் சிலர் அத்துடன் ஓய்ந்துவிடுகின்றனர். அவ்வாறு ஓய்ந்துவிட வேண்டியதில்லை.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் வழங்குவதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் பொறுப்பாகும். அவசரகாலம் முடிவுற்ற அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அது. அதன் கடுமைக்குக் காரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் எவருக்கும் பிறப்புரிமையன்று. மனுதாரர் தக்கவர்தானா என்று போலீஸ் தலைவர் தம் விவேகப்படி முடிவு செய்கிறார். பழைய தண்டனை அப்போது அவர் கண்ணில் படத்தான் செய்யும். எனினும் விவேகம் வேறு, மனம்போன போக்கு வேறு. முடிவு தவறென்று கருதுவோர் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீட்டில் எதை எழுதுவது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். “நான் ஏழை, பிள்ளைகுட்டிக்காரன், கருணை காட்டுங்கள்” என்று இரண்டு பக்கம் எழுதுவதால் பயன் சிறிதே. குற்றம் எது, எந்த ஆண்டு, எந்த நீதிமன்றம், என்ன தண்டனை என்பவற்றை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவை போலீசாரின் பதிவேட்டில் உள்ளவை. மறைத்தால் பழைய திருட்டைவிட இன்றைய பொய்யே பெரிதாகத் தெரியும். அரசாங்க அலுவலரிடம் அறிந்தே பொய்த்தகவல் கொடுப்பது தனிக்குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வழக்கு உண்மையில் எப்படி முடிந்தது என்பதை நீதிமன்றத்தில் கேட்டு, சான்றளிக்கப்பட்ட நகல் பெறுவது நலம். “எனக்குத் தண்டனை” என்று தாமே சொல்லிக்கொள்வோரில் சிலர் தண்டிக்கப்பட்டவரே அல்லர். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஏ பிரிவின்படி, குற்றத்தீர்ப்பைப் பதிவு செய்யாமலே, நன்னடத்தை உறுதிமொழியின் பேரில் நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கலாம். போலீசார் கொடுத்த போக்குவரத்துச் சம்மனுக்கு ‘கொம்பாவுன்’ கட்டியதும் நீதிமன்றத் தண்டனையாகாது. இன்னொன்றும் உண்டு. நம்மவருள் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் கொண்டோர் எத்தனை பேர்! கிராணியின் பேனாவில் ஓர் எழுத்து மாறினால் ஒருவர் இருவராவார், இருவர் ஒருவராவர். அடுத்தவர் குற்றம் தம் பெயரில் ஏறியிருக்கிறதோ என்ற ஐயமிருந்தால், அடையாள அட்டை எண்ணைக் காட்டி அதைச் சரிபார்க்கும்படி மேல்முறையீட்டிலேயே கேட்க வேண்டும்.

அதன் பின்னர், குற்றத்திற்கும் இன்றைக்கும் இடைப்பட்ட காலத்தைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் செய்த திருட்டும், சென்ற ஆண்டு குடிபோதையில் மனைவியை அடித்த குற்றமும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவையல்ல. பின்னதற்காக மறுக்கப்பட்டவரிடம், மறுப்பு நியாயமானதே என்றுதான் நாம் சொல்லுவோம். குண்டர் கும்பல், ஆயுதம் தொடர்பான குற்றங்களும் அவ்வாறே. முன்னவரோ, இத்தனை ஆண்டு ஒரே தோட்டத்தில் வேலை செய்ததற்கு நிர்வாகியின் கடிதத்தையும், நிலத்தின் பத்திர நகலையும், பன்றியால் விளைந்த சேதத்தின் புகைப்படங்களையும் இணைக்கலாம். நற்சான்றுக் கடிதங்கள் குறித்து ஒரு சொல்: “இவர் நல்லவர், வல்லவர்” என்று ஆலயத் தலைவர் எழுதிக் கொடுப்பதில் கனமில்லை. “இவரைப் பதினைந்து ஆண்டுகளாக அறிவேன், இவர் முன்பு சிறை சென்றதும் எனக்குத் தெரியும், அதன்பின் நான் கண்டது இது” என்று பள்ளித் தலைமையாசிரியர் எழுதும் ஐந்து வரியில் கனமுண்டு.

அமைச்சரும் மறுத்துவிட்டால், உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோரலாம். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டும். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் மனு செல்ல வேண்டும். ஆகவே கடிதம் வந்த உறையைக்கூட எறிந்துவிடலாகாது. நீதிபதி துப்பாக்கி உரிமத்தைத் தம் கையால் எடுத்துக் கொடுப்பார் என்று எண்ணுவது தவறு. கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமலோ, கவனிக்கக்கூடாததைக் கவனித்தோ முடிவு செய்யப்பட்டதா என்றுதான் அவர் பார்ப்பார். தவறு இருப்பின், மீண்டும் முறைப்படி ஆராயுமாறு உத்தரவிடலாம். இதற்கு வழக்கறிஞர் வேண்டும், செலவும் உண்டு. ஓர் ஏக்கர் கன்றுக்காக இவ்வளவு தூரம் போகலாமா என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் முதலில் ஆலோசனை கேட்பது நல்லது. “நான் வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்டு லயத்திற்கு வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மேல்முறையீடு முடியும்வரை எவருடைய துப்பாக்கியையும் இரவல் வாங்கக்கூடாது. மைத்துனர் பெயரிலுள்ள உரிமம் மைத்துனருக்கே உரியது. நாட்டுத் துப்பாக்கி செய்துகொள்வது இன்னும் ஆபத்து. 1971ஆம் ஆண்டு சுடுகருவிகள் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்குப் பதினான்கு ஆண்டுவரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். அதன்பின் எந்த மேல்முறையீட்டில் எந்த நற்சான்றை இணைப்பது?

அதுவரை பன்றியின் தொல்லையை வனவிலங்கு இலாகாவின் அருகிலுள்ள அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். புகாரின் நகலொன்றைப் பத்திரப்படுத்துங்கள். சேதம் உண்மையானது என்பதற்கு மேல்முறையீட்டில் அதுவும் ஒரு சான்றாகும்.